பொம்மைப் பக்கத்து ஷட்டர்

ஜனவரி 12

பொம்மைக்காரத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே நின்றுகொண்டுதான் இருக்கிறேன், இன்னும் விழவில்லை. நீ அங்கே மகன் வீட்டில் எப்படி?

போனில் பேசலாம்தான். போன தடவை நான் கத்தின கத்தலில் என் மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். உனக்கு அப்போதும் கேட்கவில்லை. "குளிரா? ஆமாக்கா, குளிர்தான்" என்றாய். நான் கேட்டது கடையைப் பற்றி. உன் காதோடு மல்லுக்கட்ட என் தொண்டைக்குத் தெம்பில்லை. அதனால்தான் கடிதம். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். உறைமேல் உன் வெளிநாட்டு முகவரியை மட்டும் பேத்தி இங்கிலீஷில் எழுதினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மால் சாகக் கிடக்கிறது. நீ போகும்போது எஸ்கலேட்டர் ஏறுவதாவது ஏறிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்றுபோய், இருக்கிற நாலு பேர் படிக்கட்டாக மிதித்து ஏறுகிறார்கள். மேலே சினிமாவை மூடிவிட்டார்கள். நடுவில் நீரூற்று இருந்ததே, அதற்குள் ஒரு வாளி வைத்திருக்கிறார்கள், கூரை ஒழுகுவதைப் பிடிக்க. நீரூற்றில் தண்ணீர் வருவது இப்போது அந்த வழியாகத்தான்.

பெரிய முதலாளி போன பிறகு மகன் கைக்கு வந்தது உனக்குத் தெரியும். அவன் இடித்துவிட்டு அடுக்குமாடி வீடு கட்டப் போகிறானாம். எல்லாரையும் கூப்பிட்டுக் கையில் எதையோ கொடுத்து, கையெழுத்து வாங்கிவிட்டான். வாசனைக் கடைக்காரி போய்விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடை போய்விட்டது. செருப்புக் கடைத் தம்பியும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இருக்கிற சரக்கை விற்றுத் தீர்க்கும்வரை உட்கார்ந்திருக்கிறார். போடாதது நான் ஒருத்தி. ஒருத்தி என்றா எழுதினேன்? நாம் இரண்டு பேர்.

ஞாபகம் இருக்கிறதா, ஒரு முழுக் கடைக்கு உனக்கும் வக்கில்லை, எனக்கும் வக்கில்லை. ஒரு கடையை இரண்டு பேர் பேரில் எடுத்து நடுவில் ஒட்டுப்பலகை அடித்தோம். அந்தப் பக்கம் உன் பொம்மை, இந்தப் பக்கம் என் உள்ளாடை. "பிள்ளைக்கு ரயில் வாங்க வந்தேன், அப்படியே எனக்கும் ரெண்டு" என்று வெட்கப்படாமல் பெண்கள் நுழைந்ததே உன் கடையைச் சாக்கு வைத்துத்தான். அதை நான் மறுக்கவில்லை. என் டிபன் டப்பாவை மூடியில்லாமல் நீ திருப்பிக் கொடுத்ததையும் மறக்கவில்லை.

குத்தகை இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. ஆனால் பத்திரம் ஒன்று. டை கட்டின மேனேஜர் நேற்று வந்து என் ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டு சொல்கிறான்: "பாட்டிம்மா, நீங்க போடாட்டிப் பரவாயில்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டுக் குடுத்தாலே மொத்தக் கடையும் போச்சு. அவங்க அட்ரஸ் குடுங்க."

"தெரியாது" என்றேன்.

"இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்தவங்க, அட்ரஸ் தெரியாதா?"

"பக்கத்துலயே இருந்தவளுக்கு அட்ரஸ் எதுக்குப்பா?"

சிரித்துக்கொண்டே எழுந்து போனான். எப்படியும் கண்டுபிடிப்பான். அவன் வந்தாலும், அவன் அனுப்பின பேப்பர் வந்தாலும், நீ போடக் கூடாது. உனக்கு இனிமேல் அந்தக் கடையால் என்ன என்று யாராவது கேட்பார்கள். எனக்கு என்ன என்று கேள், சொல்கிறேன். என் மகன் வீட்டில் நான் படுப்பது ஹாலில், சோபாவுக்குப் பின்னால். விருந்தாள் வந்தால் என் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு நானும் ஒரு மூலையில் சுருண்டுகொள்ள வேண்டும். காலையில் ஷட்டரைத் தூக்கினால்தான் எனக்கென்று ஒரு நாற்காலி. அது போனால் டி.வி.க்குப் பக்கத்தில் இன்னொரு சாமான் நான்.

போடாதே. அவ்வளவுதான்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எழுத்தைப் பார்த்ததும் நீங்கள் எதிரில் நின்று திட்டுவது போலவே இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

மேனேஜர் உங்களிடம் வருவதற்கு முன்பே என் மகனைப் பிடித்துவிட்டார். மெயில் அனுப்பியிருக்கிறார். ஒரு வாரமாக இவன் தினமும் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பிக்கிறான். "அம்மா, அந்த இருட்டுக் கடைக்கு நீ எதுக்கு இன்னும் பேரு குடுத்துக்கிட்டு இருக்க? ஒரு கையெழுத்து. இந்த வீட்டுக் கடன்ல பாதி போயிடும்." நான் காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன். காது போனதில் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

இங்கே எனக்குத் தனி அறை இருக்கிறது அக்கா. ஜன்னலைத் திறக்க முடியாது, அப்படியே ஒட்டிச் செய்திருக்கிறார்கள். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் மருமகள் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள், நான் மாற்றி வைத்துவிடுகிறேன் என்று. நல்ல பெண்தான், அதட்டிப் பேசுவதில்லை. சீட்டுதான் பேசும். காலையில் எல்லாரும் கிளம்பிப் போனால் சாயங்காலம்வரை வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும். அது அவ்வப்போது முனகும், எனக்கு அதுவும் கேட்பதில்லை, கை வைத்துப் பார்த்தால் அதிர்வது தெரியும்.

கடையைச் சும்மா போட்டுவிட்டு வந்தது தப்போ என்று சில நாள் தோன்றுகிறது. மூட்டுவலியோடு எத்தனை நாள் நிற்க முடியும் என்றும் தோன்றுகிறது.

இதுவரை போடவில்லை. இனிமேலும் போடமாட்டேன் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அக்கா. இவர்கள் கையால் சாப்பிடுகிறேன்.

அந்த மூடியைத்தான் நான் அப்போதே தேடிக் கொடுத்துவிட்டேனே. வேறு மூடி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

உங்கள் தங்கை


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

அது வேறு மூடிதான்.

கடையை இடிக்கக் கூடாது என்று கேஸ் போட்டுவிட்டேன். பேத்தியோடு படித்தவளின் அக்கா ஒருத்தி வக்கீலாக இருக்கிறாள், சின்னப் பெண், என் கடையில்தான் அவள் முதன்முதலாக உள்ளாடைக்கு அளவு கொடுத்தாள். அதனால் என் முகத்தைப் பார்த்துப் பேச இன்னும் கூச்சப்படுகிறாள். ஜூன் மாதம் வாய்தா. அதுவரை கடை ஓடுகிறது என்று காட்ட வேண்டுமாம். வேலை நாளில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாத்திக் கிடந்தால், நாமாகக் கடையை விட்டுவிட்டதாக அர்த்தமாம். பத்திரத்தில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறதாம். நமக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

அதற்கென்றே ஒருத்தனை வைத்திருக்கிறான் முதலாளி மகன். கையில் கேமராவோடு காலையிலேயே வந்து நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்துகொள்கிறான். நான் ஒன்றுக்குப் போகும்போதும் ஷட்டரைப் படம் எடுக்கிறான். கீழே இருந்த கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள், பக்கத்துத் தெருவிலிருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் வர வேண்டும். போகும்போது ஷட்டரைத் தூக்கியபடியே விட்டுவிட்டு, "தம்பி, நீ இங்கதானே இருக்கப் போற, கடையப் பாத்துக்க" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போகிறேன். அவன் படம் எடுக்கத்தான் சம்பளம் வாங்குகிறான், ஆனாலும் பாவம், பார்த்துக்கொள்கிறான். ஒரு நாள் ஒரு அம்மாளுக்கு விலையும் சொல்லி இருக்கிறான்.

ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள். நடைபாதை விளக்கில் ஒன்றுவிட்டு ஒன்று எரிகிறது. உன் பக்கத்தையும் நான்தான் தினமும் திறந்து, துடைத்து, நீ விட்டுப்போன பொம்மைகளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கிறேன். அந்தக் குரைக்கிற நாய் இப்போது குரைப்பதில்லை, வாலை மட்டும் ஆட்டுகிறது. ரயில் ஓடுகிறது, ஆனால் நான் ஓட விடுவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

தெரியாத மாதிரி இருப்பாய். அதனால் எழுதிவிடுகிறேன். இத்தனை வருஷம் வாயில் வைத்திருந்தது.

என் வீட்டுக்காரரை எடுத்துப் போன அன்றைக்கு வண்டியை மால் வாசலில் நிறுத்தச் சொன்னேன். அவர் தினமும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த வாசல். மாலில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்து, வெளியே வந்து நிற்போம் இல்லையா? யாரும் எழுதி வைத்ததில்லை, நாமாக வைத்துக்கொண்டது. உன் மாமியார் போனபோது நான் மதியம்வரை நின்றேன். அன்றைக்குக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வாசனைக் கடைக்காரி நின்றாள். செருப்புக் கடைத் தம்பி நின்றார். சினிமாவில் டிக்கெட் கிழிக்கிறவர்கூட இறங்கி வந்து நின்றார். எல்லாக் கடையும் பாதி இருட்டு. என் கடை முழு இருட்டு. அதை ஒட்டி உன் பக்கம் மட்டும் விளக்கெல்லாம் எரிகிறது, ரயில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். பிறகு கூரை ஒழுகி இரண்டு பேர் சரக்கும் நனைந்ததில் பேச்சு வந்தது. பேச்சு வந்ததே தவிர, ஆறவில்லை. அன்றைக்கு நீ எனக்குச் செய்யாததை இன்றைக்குச் செய். கையெழுத்துப் போடாதே.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுத இப்போது கை வரவில்லை. கோபமாக இருக்கிறேன்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பக்கமும் சாத்திக் கிடந்தால் கடை போய்விடும் என்று. எழுதிவிட்டு அடுத்த பக்கத்திலேயே ரயிலைப் பற்றி என்னைக் கேட்கிறீர்கள். உங்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லையா?

உங்கள் பக்கம் அன்று சாத்தியிருந்தது. அத்தான் போன வீட்டில் நீங்கள் எப்படிக் கடை திறப்பீர்கள்? காலையில் நான் என் ஷட்டரைப் பாதி இறக்கினேன். அப்போதிருந்த மேனேஜர், அந்த வழுக்கைத் தலையர், வந்து நின்றார். "அம்மா, அவங்க பக்கம் பூட்டியிருக்கு. நீங்களும் இறக்கினா மொத்தக் கடையும் மூடினதாக் கணக்கு. பெரிய முதலாளி இப்ப உங்க கடைய வேற ஆளுக்குக் குடுக்க எப்படா சாக்குன்னு பாத்துக்கிட்டு இருக்காரு. வியாபாரம் நடக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அத்தான் இல்லாமல், அந்தக் கடையும் இல்லாமல், அடுத்த மாதம் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள் என்று யோசித்தேன். ஷட்டரைத் தூக்கினேன். வியாபாரம் நடக்கிற மாதிரி இருப்பதற்குத்தான் ரயில். வண்டி வரும் என்று தெரியும். வாசல் பக்கம் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால்தான் முதுகு.

சாயங்காலமே உங்கள் கொழுந்தனாரிடம் விஷயத்தைச் சொல்லி, உங்களிடம் சொல்லச் சொன்னேன். அவர் சொல்லியிருப்பார், அதற்குப் பிறகும் நீங்கள் பேசவில்லை என்றால் மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அஞ்சு வருஷம் என்னிடம் பேசாமல் இருந்தீர்கள் அக்கா. பலகைக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமினால்கூட எனக்குத் தெரியும். சில்லறை வேண்டுமென்றால் செருப்புக் கடைக்கு ஆள் அனுப்பினீர்கள். அப்போது எனக்கு நன்றாகக் காது கேட்டது.

கடையை வைத்து நான் உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் இனி எழுதாதீர்கள்.

பேப்பர் வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போடும் இடத்தில் மருமகள் மஞ்சள் சீட்டு ஒட்டி மேஜைமேல் வைத்திருக்கிறாள். மகன் இப்போது என்னிடம் பேசுவதில்லை, தட்டை மட்டும் கொண்டுவந்து வைக்கிறான். எனக்கென்ன, பேசாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பழக்கம்தானே.

போடமாட்டேன். போன கடிதத்தில் தைரியம் இல்லை என்று எழுதினேன். இப்போது உங்கள்மேல் இருக்கிற கோபத்தில் வந்துவிட்டது.

கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது. குளிர்தான். நெஞ்சுக்குள்ளேயே குளிர்கிறது.

தங்கை


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. நின்றபடியே கேட்டேன். தலையைச் சொறிந்தார். "ஆமாண்ணி, அந்தம்மா என்னமோ சொல்லுச்சு. ஷட்டர் விஷயம்னு. சாவு வீட்ல எத்தன வேல, மறந்துட்டேன். அது என்ன அவ்வளவு பெரிய விஷயமா?" என்கிறார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவரோடு இனிப் பேசுவதாக இல்லை. ஒருத்தர் கணக்கை மூடி இன்னொருத்தர் கணக்கைத் திறந்தாயிற்று.

உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாலு நாள் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேமராக்காரத் தம்பிகூட, "என்ன பாட்டி, பரிச்ச எழுதறீங்களா?" என்றான்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். உள்ளே போட்டுக்கொள்ளும் கம்பளி பனியன் நாலு, கால்வரைக்கும் இருக்கிறது இரண்டு. அளவு கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். இளைத்திருப்பாய் என்று ஒரு அளவு குறைத்து வைத்திருக்கிறேன். மேல்சட்டைக்கு அடியில் போட்டுக்கொள். தோலில் படுகிற மாதிரி போட்டால்தான் நெஞ்சுக்குச் சூடு. டாக்டரிடம் போ. காது கேட்கவில்லை என்று அவரிடமும் நடிக்காதே.

மூடியைத் தேடிப் பார்த்தேன். நீ கொடுத்ததுதான் சரியாகப் பொருந்துகிறது.

அக்கா


ஏப்ரல் 28

பெரியம்மாவுக்கு,

வணக்கம். உங்களுக்குப் போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. அம்மா சென்ற வெள்ளிக்கிழமை காலமாகிவிட்டார். நுரையீரலில் நீர் கோர்த்திருந்தது, மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். அதிகம் கஷ்டப்படவில்லை. எல்லாக் காரியமும் இங்கேயே முடித்துவிட்டோம்.

நீங்கள் அனுப்பிய பார்சல் அதற்கு முந்தின வாரம் வந்தது. கடைசியாக அதைத்தான் போட்டிருந்தார். மருத்துவமனையில் கழற்றச் சொன்னபோது மிகவும் சண்டை போட்டார்.

கடை விஷயமாக உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. அம்மா கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. காரணமும் சொல்லவில்லை. இனி அவருடைய உரிமை எனக்கு வருகிறது. வாரிசுச் சான்றிதழ் மே மாதக் கடைசியில் கிடைக்கும் என்கிறார்கள். கிடைத்ததும் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன். தவறாக நினைக்க வேண்டாம். எனக்கும் வேறு வழியில்லை. வழக்குக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பதற்காக முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொம்மைக் கடை மகன்


மே 9

தங்கச்சிக்கு,

உன் பேருக்கேதான் அனுப்புகிறேன். வேறு யார் பேருக்கும் எனக்கு எழுதிப் பழக்கமில்லை. உன் மகன் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். அவனிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. சின்ன வயசில் ஒட்டுப்பலகை இடுக்கு வழியாக என் பக்கம் நுழைந்து காலி அட்டைப்பெட்டிக்குள் தூங்கினவன். அவன் போடுவான். ஜூன் வாய்தாவுக்கு முன்னாலேயே போடுவான். வக்கீல் பெண்ணிடம் சொன்னேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இந்தத் தடவை கூச்சத்துக்கு வேறு காரணம்.

கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. கடை திறக்கிற நேரத்தில் பேத்தி பிரித்துப் பார்த்துவிட்டு ஓடிவந்து படித்துக் காட்டினாள். அவளை அனுப்பிவிட்டுச் செருப்புக் கடைத் தம்பியிடம் சொன்னேன். அவர் "அடடா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கை அணைத்தார், ஷட்டரைப் பாதி இறக்கினார், வெளியே வந்து கையைக் கட்டி நின்றார். அவர் ஒருத்தர்தான். மாலில் வேறு யார் இருக்கிறார்கள்? வாட்ச்மேன் வந்து அவர் பக்கத்தில் நின்றார். கேமராக்காரத் தம்பி திட்டிலிருந்து எழுந்து நின்றான், கேமராவைக் கையில் வைத்தபடியே.

உன் பக்கத்து ஷட்டரை நான் போய் இறக்கினேன். பாதி இல்லை, முழுசாக. செத்தவள் கடை திறந்திருக்கக் கூடாது. கடைசி ஒரு சாண் கீழே வரமாட்டேன் என்றது, உனக்குத் தெரியுமே அந்த மூலை, காலால் மிதித்து இறக்கினேன். அந்தத் தம்பி படம் எடுத்தான்.

பிறகு எல்லாரும் என் பக்கத்தைப் பார்த்தார்கள். நான் இறக்குவேன் என்றுதான் பார்த்தார்கள். இந்த வழக்கத்துக்காகவே உன்னோடு அஞ்சு வருஷம் பேசாதவள் நான், அது செருப்புக் கடைத் தம்பிக்குத் தெரியும்.

கை ஷட்டர்வரைக்கும் போனது. இறக்கிவிட்டு நிற்கத்தான் மனசு சொன்னது. எப்படியும் மாதக் கடைசியில் போகப் போகிற கடை, இன்றைக்கே போனால் என்ன என்றும் சொன்னது. ஆனால் நீ அந்த மஞ்சள் சீட்டு ஒட்டின பேப்பருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது எதற்கு? நீ போடாமல் விட்டதை நான் ஒரு ஷட்டரை இறக்கிக் கொடுத்துவிடுவதா?

நான் இறக்கவில்லை. எல்லா விளக்கையும் போட்டேன். உன் பக்கத்தைப் பூட்டும் முன்பே ரயிலை எடுத்து வந்திருந்தேன். பனியன் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக்குள் தண்டவாளத்தைப் பொருத்தி ஓட விட்டேன். விடாமல் ஓடினால் சத்தம் இவ்வளவு இருக்கும் என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது. அன்றைக்கு வண்டிக்குள்ளிருந்து பார்த்தேனே தவிர, கேட்கவில்லை. அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்?

செருப்புக் கடைத் தம்பி கிட்டே வந்தார். "என்னம்மா இது?" என்றார். "ரயிலெல்லாம் ஓட்டிக்கிட்டு?"

நான் ஒதுக்கின பனியன் பெட்டிகளை அடுக்கினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். உன்னை நான் அப்படித்தான் பார்த்தேன். மத்தியானம் வழக்கமாக எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவார், நேற்று வாங்கவில்லை. இனி வாங்கமாட்டார் என்று நினைக்கிறேன். அவரும் மறக்கிற ஆள் இல்லை.

காரணத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லாமல் விட்டேன், நீ பட்டது எனக்கும் இருக்கட்டும். யாரிடமும் சொல்லி அனுப்பவும் இல்லை. சொல்லி அனுப்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே.

வாசல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வாங்க வரவில்லை. இன்றைக்கும் திறந்திருக்கிறேன். நாளைக்கும் திறப்பேன். உன் மகன் போடுகிற வரைக்கும்.

உன் அக்கா